டோர்பெல்: ஊராரே காத்த மலைப் புல்வெளி

வரலாறு என்றவுடன் மன்னர்களும் மாளிகைகளும் போர்க்களங்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆட்சி மாறிய ஆண்டுகளையும் அரசர்தம் பெயர்களையும் மனப்பாடம் செய்வதே வரலாற்றுப் பாடம் என்று மாணவர் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஆயின், அரண்மனையும் கோட்டையும் இல்லாத ஒரு மலைச் சிற்றூருக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு சில வேளைகளில் பேரரசுகளின் வரலாறு கற்பிக்காத பாடத்தையும் கற்பிக்கும்.

சுவிட்சர்லாந்து நாட்டின் மலைச்சரிவு ஒன்றில் அமைந்துள்ள டோர்பெல் அத்தகையதோர் ஊர். 1970-ஆம் ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 600 பேரே. எனினும், அவ்வூரின் நிலவுரிமை பற்றிய ஆவணங்கள் கி.பி. 1224 முதல் கிடைக்கின்றன. ஊராருக்குப் பொதுவான புல்வெளியையும் காட்டையும் எவ்வாறு ஆள்வது என்று அவ்வூர் உழவர்கள் கூடி எழுதிய ஒப்பந்தம் ஒன்று 1483-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கொலம்பஸ் மேலைக் கடலைக் கடப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. அன்று தொடங்கிய பொதுநில ஆட்சி, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் உயிரோடு இருந்தது. உலகப் பொருளியல் அறிஞர்களிடையே எழுந்த பெரியதொரு வாதத்துக்கு இச்சிற்றூரே விடையாகவும் அமைந்தது.

அறிஞர் எழுப்பிய ஐயம்

அவ்வாதம் யாது என்பதை முதற்கண் நோக்குவோம். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க உயிரியல் அறிஞர் காரெட் ஹார்டின் என்பார், 'சயின்ஸ்' என்னும் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் திறந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம் ஒன்றை அவர் கற்பனை செய்தார். அதில் பலர் மாடு மேய்க்கின்றனர். ஒருவன் தன் மந்தையில் மேலும் ஒரு மாட்டைச் சேர்த்தால், அதனால் வரும் வருவாய் முழுவதும் அவனுக்கே உரியது. புல் குறைவதால் வரும் நட்டமோ அங்கு மேய்ப்போர் அனைவருக்கும் பங்காகிவிடுகிறது. வரவு முழுமை; செலவு சிறு பங்கு. ஆகவே ஒவ்வொருவனும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாடுகளைச் சேர்த்துக்கொண்டே போவான். முடிவில் புல் அழியும், மாடுகளும் அழியும். பொதுநிலம் பாழாவது தவிர்க்க முடியாதது என்பது அவருடைய முடிவு. அதனைத் தடுக்க வேண்டுமாயின், நிலத்தைத் தனியார்க்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்; அன்றி, அரசு தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பலரும் அவரைப் பின்பற்றிக் கூறலாயினர்.

கணக்கு பிழையற்றதாகவே தோன்றுகிறது. ஆனால் உலகத்து மாந்தர் அனைவரும் அக்கணக்கின்படிதான் நடந்துள்ளனரா? இவ்வினாவுக்கு விடை காண ஏட்டுக் கணக்கு போதாது. மெய்யாக வாழ்ந்த ஓர் ஊரின் வரலாறு வேண்டும். டோர்பெல் ஊரின் சிறப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஊரின் இருப்பிடம்

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் வாலே என்னும் மாநிலம் உள்ளது. ரோன் ஆறு அதன் நடுவே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிரெஞ்சு மொழியும், ஆறு பிறக்கும் கிழக்குப் பகுதியில் ஜெர்மன் மொழியும் வழங்குகின்றன. கிழக்குப் பகுதியில், தெற்கேயுள்ள பனிமலைகளிலிருந்து இறங்கிவரும் விஸ்பா என்னும் சிற்றாறு, விஸ்ப் என்ற நகருக்கு அருகில் ரோன் ஆற்றில் கலக்கிறது. அச்சிற்றாற்றின் வழியே மேல் நோக்கிச் சென்றால் ஸ்டால்டன் என்னும் ஊர் வரும். அங்கே பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, உலகப் புகழ் பெற்ற மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியிலுள்ள சேர்மாட் ஊர்வரை செல்கிறது. ஸ்டால்டனுக்கு மேலே, செங்குத்தான சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது டோர்பெல்.

மலையூர் என்றால் மழை மிகுந்த ஊர் என்று நினைப்பது நம் வழக்கம். டோர்பெல் அவ்வாறன்று. சுற்றிலும் உயர்ந்த மலைகள் அரண் போல் நிற்பதால், மேகங்கள் வெளிப்புறச் சரிவுகளிலேயே மழையைப் பொழிந்துவிடுகின்றன. ஆதலின் இப்பள்ளத்தாக்கு சுவிட்சர்லாந்தின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றாக இருக்கிறது. வெயில் உண்டு, நீர் குறைவு. பனி உருகி வரும் நீரைக் கால்வாய் வெட்டித் தொலைவிலிருந்து கொண்டுவந்தாலன்றிப் புல்லும் வளராது. வாலே மாநிலத்தார் பாறைச் சரிவுகளின் ஓரத்தில் வெட்டியும், வெட்ட இயலாத இடங்களில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டும் அமைத்த இத்தகைய கால்வாய்கள், இடைக்காலம் முதல் அப்பகுதியின் உயிர் நாடியாக விளங்கி வருகின்றன. ஒரு குடும்பம் தனித்து நின்று இத்தகைய கால்வாயை வெட்டவும் முடியாது. ஆண்டுதோறும் செப்பனிடவும் முடியாது. நீரே ஊராரை ஒன்றுசேர்த்தது எனலாம்.

உழவர் வாழ்வின் ஆண்டு வட்டம்

டோர்பெல் உழவனின் நிலம் ஒரே இடத்தில் அமைந்ததன்று. மலையின் ஒவ்வோர் உயரத்திலும் ஒவ்வொரு விளைவு. கீழே வெப்பம் மிகுந்த பள்ளத்தாக்குச் சரிவில் திராட்சை. ஊரைச் சுற்றி ரை என்னும் கூலமும் காய்கறித் தோட்டமும் புல் வயல்களும். அவற்றுக்கு மேலே காடு. காட்டுக்கும் மேலே, ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு அப்பால், மரம் வளராத உயரத்தில் பரந்த புல்வெளி. அதற்கும் மேலே பாறையும் பனியும். ஒரே குடும்பம் இவ்வடுக்குகள் அனைத்தையும் பருவத்துக்கு ஏற்றவாறு பயன்படுத்தியாக வேண்டும்.

கோடைக்காலத்தில் பசுக்கள் மலையுச்சிப் புல்வெளிக்கு ஓட்டிச் செல்லப்படும். அவை அங்கு மேயும் சில வாரங்களில், கீழே உள்ளோர் தங்கள் வயல்களில் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிப்பர். அந்த உலர்புல்லே நீண்ட குளிர்காலத்தில் தொழுவத்தில் அடைபட்டிருக்கும் பசுக்களுக்கு உணவு. பசுவின் எரு வயலுக்கு உரம். பால் பாலாடைக்கட்டியாகிக் குளிர்காலத்தில் வீட்டாருக்கு உணவாகும். ரை மாவை ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில முறையே ரொட்டியாகச் சுட்டு, பல வாரங்கள் வைத்து உண்பது அம்மலைநாட்டு வழக்கம். தானியத்தை எலி அண்டாதவாறு, களஞ்சியங்களை மரக்கால்களின் மேல் எழுப்பி, ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான வட்டக்கல் ஒன்றை வைத்து அதன்மேல் கட்டினர். பொருள் குறைந்த இடத்தில் அறிவு கூர்மையாக வேலை செய்யும் என்பதற்கு அந்த வட்டக்கல் ஒன்றே சான்று.

இவ்வாழ்வில் உழைப்பு மிகுதி, மிச்சம் குறைவு. ஒரு கோடையில் புல்வெளி பாழானால் அடுத்த குளிர்காலத்தில் பாலில்லை, பாலில்லையேல் உணவில்லை. ஆகவே, பொதுநிலத்தைக் காப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

தனிநிலமும் பொதுநிலமும்

டோர்பெல் ஊரார் எல்லா நிலத்தையும் பொதுவாக வைத்திருந்தனர் என்று கருதுவது தவறு. ரை விளையும் வயல், தோட்டம், திராட்சை, புல் வயல் ஆகியவை தனியாருக்கு உரியவை. அவற்றை விற்கலாம், வாங்கலாம். பெற்றோர் நிலம் ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் பங்கிடப்பட்டது. இதனால் நிலம் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது.

அதே ஊரார் ஐந்து வகைச் சொத்துக்களை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டனர். மலையுச்சிப் புல்வெளி, காடு, தரிசு நிலம், நீர்ப்பாசனக் கால்வாய், இவற்றை இணைக்கும் பாதை ஆகியவை அவை. தனியுடைமை இன்னதென்று நன்கு அறிந்த மக்களே, சிலவற்றைத் தனியுடைமை ஆக்காமல் விட்டனர். இஃது ஏன்?

1970-ஆம் ஆண்டுகளில் இவ்வூரில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் இராபர்ட் நெட்டிங் இவ்வினாவுக்கு விடை கண்டார். நைஜீரியாவின் மலைநாட்டு உழவர்களைப் பற்றி முன்னரே ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். பொதுவாக வைத்தற்கு ஏற்ற நிலத்துக்கு ஐந்து இயல்புகள் உண்டு என்றார். ஒன்று, அந்நிலத்தில் ஏக்கருக்குக் கிடைக்கும் விளைவு மிகக் குறைவு. இரண்டு, அவ்விளைவும் ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் மாறும். இவ்வாண்டு பனிச்சரிவு ஒரு பக்கத்தை அழித்தால் மற்றொரு பக்கம் தப்பும். மூன்று, எவ்வளவு உழைத்தாலும் விளைவைப் பெருக்க இயலாது. நான்கு, பரந்த நிலமாக இருந்தாலன்றிப் பயன்படாது. ஐந்து, வேலி, பாதை, பட்டி முதலியன அமைக்கப் பலர் கை சேர வேண்டும். இவ்வியல்புகள் அனைத்தும் மலையுச்சிப் புல்வெளியில் காணப்படுகின்றன. தோட்டத்திலோ இவற்றுக்கு நேர்மாறான இயல்புகள். சிறு துண்டு நிலத்தில் ஒருவன் உழைப்பைக் கொட்டினால் அவனுக்கே பலன் கிட்டும். ஆகவே தோட்டம் தனியுடைமை, புல்வெளி பொதுவுடைமை. கொள்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை அதற்குள் அடக்காமல், நிலத்தின் இயல்பை நோக்கி உரிமையை வகுத்தனர் அவ்வூரார்.

1483-ஆம் ஆண்டு ஒப்பந்தம்

அக்காலத்தில் வாலே நாட்டின் உலகியல் ஆட்சி சியோன் நகரத்து ஆயரிடம் இருந்தது. எனினும் மேல் வாலேயின் மலைமக்கள் எளிதில் தலை வணங்குவோர் அல்லர். 1388-ஆம் ஆண்டின் இறுதியில் சவாய் கோமகனின் படையை விஸ்ப் நகரில் அவர்கள் முறியடித்தனர். தம் ஊர் நடப்பைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் வழக்கம் இம்மக்களிடையே வேரூன்றியது.

1483 பிப்ரவரி முதல் நாளன்று டோர்பெல் ஊரார் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சங்கம் ஒன்றை நிறுவினர். புல்வெளியையும் காட்டையும் தரிசு நிலத்தையும் பயன்படுத்தும் முறையை ஒழுங்கு செய்வதே அதன் நோக்கம். வெளியூரான் ஒருவன் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும், அதனால் மட்டும் பொதுப் புல்வெளியிலோ மேய்ச்சல் இடத்திலோ மரம் வெட்டுவதிலோ அவனுக்கு உரிமை வந்துவிடாது என்று அவ்வொப்பந்தம் விதித்தது. நிலத்தை விலைக்கு வாங்கலாம். ஊர் உரிமையை வாங்க முடியாது. ஊரார் கூடி ஏற்றுக்கொண்டால்தான் அது கிட்டும்.

பொதுநிலம் எது, அதன் எல்லை யாது என்பதை 1507-ஆம் ஆண்டின் சொத்துப் பட்டியல் ஒன்று தெளிவாக வரையறுத்துக் காட்டுகிறது. உரிமையுடையோர் யார் என்பதும் தெளிவு. உரிமைக்குரிய நிலம் எது என்பதும் தெளிவு. ஹார்டின் கற்பனை செய்த, எல்லாருக்கும் திறந்து கிடக்கும் நிலத்துக்கும், டோர்பெல் ஊராரின் பொதுநிலத்துக்கும் உள்ள முதல் வேற்றுமை இதுவே. ஒன்று யாருக்கும் உரிமையில்லாத நிலம். மற்றது ஒரு கூட்டத்தாருக்கு உரிமையான நிலம்.

குளிர்கால விதி

உரிமையுடையோர் யார் என்று வரையறுத்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளூரானே பத்து மாடுகளுக்குப் பதில் இருபது மாடுகளை ஓட்டிவந்தால் என் செய்வது? இதற்கு 1517-ஆம் ஆண்டு விதி விடை கூறியது. குளிர்காலம் முழுவதும் தீனியிட்டுக் காக்க வல்ல பசுக்கள் எத்தனையோ, அத்தனையை மட்டுமே ஒருவன் கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்பது அதன் கருத்து. மிகுதியாக அனுப்பியவனுக்குப் பெருந்தண்டம்.

கேட்பதற்கு எளிய விதி. ஆனால் அதன் நுட்பம் எண்ண எண்ண விரியும். ஒருவனுடைய புல் வயல்களில் மூன்று பசுக்களுக்குப் போதுமான உலர்புல்தான் கிடைக்கிறது என்று கொள்வோம். அவன் வசந்த காலத்தில் சந்தையில் மேலும் ஐந்து பசுக்களை வாங்கி, கோடை முழுவதும் ஊர்ப் புல்லில் கொழுக்க வைத்து, இலையுதிர் காலத்தில் விற்றுப் பணம் பண்ண எண்ணலாம். குளிர்கால விதி அவ்வழியை அடைத்துவிடுகிறது. மூன்று பசுக்களைக் குளிர்காலத்தில் காத்தவன் மூன்றையே மேலே அனுப்பலாம்.

புல்வெளி எத்தனை மாடுகளைத் தாங்கும் என்று அளந்து காண்பது எளிதன்று. ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். அதனால் பூசலும் விளையும். ஆனால் ஒருவன் தொழுவத்தில் குளிர்காலத்தில் எத்தனை பசுக்கள் இருந்தன என்பது அண்டை வீட்டார் அனைவருக்கும் தெரியும். பனி மூடிய நாட்களில் மாட்டை மறைத்து வைக்க இடமேது? மேலும், ஊரின் புல் வயல்கள் ஓர் அளவுக்கு மேல் பெருகா. ஆதலின் ஊரின் மொத்த மாடுகளும் ஓர் அளவுக்கு மேல் பெருகா. தனிநிலத்தின் எல்லையே பொதுநிலத்துக்குக் காவலாயிற்று. எண்ணுவதற்கு அரிய ஒன்றை, எண்ணுவதற்கு எளிய மற்றொன்றால் கட்டிவைத்த இவ்வுத்தியைக் கணக்குப் பாடத்தில் வைத்துக் கற்பித்தாலும் தகும்.

ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருவரே

விதி ஏட்டில் மட்டும் இருந்தால் பயனில்லை. அதனை நடைமுறையில் காப்பதற்கு மாடு வைத்திருந்தோரின் சங்கம் ஆண்டுதோறும் கூடியது. பொது விதிகளை ஆய்வதும் அலுவலரைத் தேர்ந்தெடுப்பதும் அக்கூட்டத்தின் பணி. தேர்ந்தெடுக்கப்பட்ட அலுவலர் புல்வெளியில் வேலை செய்யும் ஆட்களை அமர்த்துவர். புல்வெளியில் எருவைப் பரப்ப ஏற்பாடு செய்வர். பனிச்சரிவால் இடிந்த குடிசைகளையும் பட்டிகளையும் பாதைகளையும் செப்பனிட ஆண்டுக்கொரு முறை ஊர் வேலை நடத்துவர். அவ்வேலையில் யார் எவ்வளவு பங்கு ஏற்பது? மேலே அனுப்பிய மாடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உழைப்போ பணமோ கொடுக்க வேண்டும். பயன் எவ்வளவோ, அவ்வளவே கடமையும்.

பசுக்கள் புல்வெளியை அடைந்ததும் உடனே எண்ணப்படும். அளவுக்கு மேல் அனுப்பியவரிடம் தண்டம் வாங்கும் அதிகாரம் ஊர் அலுவலருக்கு உண்டு. அத்தண்டத்தில் பாதியை அவரே வைத்துக்கொள்ளலாம்! கண்ணை மூடிக்கொள்வதால் அவருக்கு நட்டம். கண்ணைத் திறந்து வைப்பதால் இலாபம். மனிதரின் நல்லுள்ளத்தை மட்டும் நம்பி ஊரார் இருந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

கோடையில் எல்லார் பாலும் ஒன்றாகவே காய்ச்சப்பட்டுப் பாலாடைக்கட்டி ஆகும். பருவ முடிவில் அவரவர் பசு கறந்த பாலின் அளவுக்கு ஏற்பக் கட்டி பங்கிடப்படும்.

விறகுக்கும் கட்டடத்துக்கும் மரம் பங்கிட்ட முறை இன்னும் அழகியது. வெட்டத் தகுந்த மரங்களை ஊர் அலுவலர் குறியிட்டு வைப்பர். உரிமையுள்ள வீட்டார் குழுக்களாகச் சேர்ந்து, வெட்டுதல், இழுத்து வருதல், அடுக்குதல் ஆகிய வேலைகளைச் சமமாகப் பகிர்ந்துகொள்வர். மரங்கள் ஏறத்தாழச் சம அளவுள்ள அடுக்குகளாக வைக்கப்படும். பின்னர்த் திருவுளச் சீட்டின் வழியாக எந்த அடுக்கு எந்த வீட்டுக்கு என்று முடிவாகும். எந்த அடுக்கு தமக்கு வரும் என்று அறியாதவர், எல்லா அடுக்கையும் சமமாக வைக்கவே முயல்வர் அல்லரோ? வேறு எக்காலத்திலும் காட்டில் மரம் வெட்டலாகாது.

இங்கே ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காணலாம். புல் உரிமை அவரவர் மாட்டின் அளவுக்கு ஏற்ப மாறியது. செல்வன் அதிகம் பெற்றான். வறியவன் குறைவாகப் பெற்றான். ஆனால் விறகைப் பங்கிடும்போது சமம் பேணப்பட்டது. குளிர் செல்வனையும் வறியவனையும் வேறுபடுத்துவதில்லை. ஒரே ஊர், பொருளுக்கு ஏற்ப இருவகை நீதிகளைக் கையாண்டது.

வாதத்தின் முடிவு

நெட்டிங் தம் ஆராய்ச்சியை 1976-இல் கட்டுரையாகவும் 1981-இல் நூலாகவும் வெளியிட்டார். 1517-ஆம் ஆண்டு விதி அவருடைய காலத்திலும் நடைமுறையில் இருந்ததை அவர் கண்டு எழுதினார். அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் டோர்பெல் ஊரையும், ஜப்பானிய மலையூர்களின் பொதுக்காடுகளையும், ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவின் பாசன முறைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார். 1990-இல் வெளிவந்த அவருடைய நூலில், பொதுச் சொத்தை நெடுங்காலம் காத்த மக்களிடையே பொதுவாகக் காணப்படும் நெறிகள் தொகுத்துக் கூறப்பட்டன. எல்லை தெளிவாக இருத்தல், விதி இடத்துக்கு ஏற்றதாக இருத்தல், விதிக்கு உட்படுவோரே விதியை வகுத்தல், கண்காணிப்போர் ஊராருக்குப் பொறுப்புள்ளவராக இருத்தல், தண்டம் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப அமைதல், வழக்கை எளிதில் தீர்க்க வழி இருத்தல் ஆகியன அவற்றுள் சில. அரசின் கையும் தனியார் கையும் தவிர மூன்றாவது வழி ஒன்றும் உண்டு என்று அம்மையார் மெய்ப்பித்தார். 2009-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. ஹார்டினும் பிற்காலத்தில், தாம் கூறியது ஆள்வாரற்ற பொதுநிலத்துக்கே பொருந்தும் என்று திருத்திக்கொண்டார்.

ஊரார் கொடுத்த விலை

டோர்பெல்லைப் பொன்னுலகமாகக் காட்டுவது வரலாறு ஆகாது. நன்மைக்கு ஊரார் விலை கொடுத்தனர்; அவ்விலையைச் சிலரே மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நிலமும் புல்லும் பெருகாத ஊரில் மக்கள் தொகை மட்டும் பெருகினால் பங்கு சுருங்கும். ஆகவே திருமணம் தாமதமாயிற்று. முப்பது வயதை ஒட்டி மணம் புரிவது அங்கே பெருவழக்கு. இறுதிவரை மணமாகாமலேயே உடன்பிறந்தார் வீட்டில் உழைத்து மடிந்தோரும் பலர். வேறு சிலர் ஊரைவிட்டுச் சென்றனர். 19-ஆம் நூற்றாண்டில் மேல் வாலே மக்கள் பலர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினர். அங்கே சாந்தா ஃபே மாநிலத்தில் 1858-இல் அமைந்த சான் ஹெரோனிமோ நோர்ட்டே என்னும் ஊர் அவர்கள் குடியேறிய இடமே. ஊரின் சமநிலை என்று நூல்கள் கூறும் சொல்லுக்குப் பின்னால், மணமாலை காணாத கழுத்துக்களும் திரும்பி வராத பயணங்களும் உள்ளன என்பதை மறத்தலாகாது.

1483-ஆம் ஆண்டு ஒப்பந்தம் புல்வெளியைக் காத்தது. அதே ஒப்பந்தம் வெளியூரானைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. நிலம் வாங்கி, வரி கொடுத்து, அண்டை வீட்டானாக வாழ்ந்தாலும், ஊரார் ஏற்காதவரை அவன் அயலானே. குடியேறி வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவ்விதியைப் படிக்கும்போது அதன் கூர்மை நன்கு விளங்கும். பொதுச் சொத்துக்கு எல்லை வேண்டும் என்பது உண்மை. அவ்வெல்லைக்கு உள்ளே வர வழி இருக்கிறதா என்று கேட்பதும் கடமை.

ஊரார் கூடி வாக்களித்தனர் என்று கூறும்போது, பெண்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் கூற வேண்டும். புல் அறுத்தவரும், பால் கறந்தவரும், கதிர் அரிந்தவரும் பெண்களே. ஆனால் அரசியல் வாக்குரிமை வாலே மாநிலத்தில் அவர்களுக்கு 1970-இல்தான் வந்தது. சுவிஸ் கூட்டரசுத் தேர்தல்களில் 1971-இல் வந்தது. ஆயினும் அதற்கு முன்னரே ஒரு மலையூர் வழி காட்டியது. அதே மேல் வாலேயைச் சேர்ந்த உண்டர்பேக் என்னும் சிற்றூரில், 1957 மார்ச் 3-ஆம் நாள், பெண்களைப் பாதுகாப்புப் பணியில் சேர்ப்பது பற்றி நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தபோது, ஊர் மன்றம் பெண்களையும் வாக்களிக்க அழைத்தது. 33 பெண்கள் வாக்களித்தனர். அவ்வாக்குகளை மேலிடம் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வாக்குகள் எண்ணப்படவில்லை, வரலாறு அவற்றை எண்ணிக்கொண்டது. தம் விதியைத் தாமே வகுக்கும் ஊருக்கு, அதனைத் தாமே மாற்றும் துணிவும் உண்டு என்பதற்கு இது சான்று.

மாறிய காலம்

வெளியுலகக் காற்று டோர்பெல்லையும் தீண்டியது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வந்த உருளைக்கிழங்கு, சிறு நிலத்தில் மிகுந்த உணவைத் தந்தது. அடுத்த நூற்றாண்டில் மக்கள் தொகை உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம். 1815-இல் வாலே சுவிஸ் கூட்டரசின் மாநிலமாயிற்று. விஸ்ப் நகரிலிருந்து ஸ்டால்டன் வழியாகச் சேர்மாட் வரை 1891-இல் இரயில் ஓடத் தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டில் விஸ்ப் நகரில் இரசாயனத் தொழிற்சாலை வளர்ந்தது. மலைநாட்டு உழவர் மக்கள் தொழிலாளராயினர். சாலை வந்தபின் காலையில் இறங்கி மாலையில் ஏறி வரலாயிற்று. ரை வயல்கள் குறைந்தன. பயிர்த்தொழிலை மட்டும் நம்பி வாழும் குடும்பங்கள் அருகின.

இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 500 பேர். ஊருக்கு மேலேயுள்ள மூசால்ப் என்னும் புல்வெளிப் பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்து செல்கின்றனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் கோடைக்கால மலைமேய்ச்சல் மரபையும், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் மரபுவழி நீர்ப்பாசனத்தையும் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களாக அறிவித்தது. உழவர்கள் உயிர் வாழ்வதற்காகச் செய்த வேலை, உலகம் போற்றும் செல்வமாயிற்று.

முடிவுரை

டோர்பெல் ஊரின் வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. பொதுச் சொத்து பொதுவாக இருப்பதால் அழிவதில்லை. அதற்குப் பொறுப்பாளர் இல்லாதபோதே அழிகிறது. அவ்வூரார் நம்மினும் நல்லவர் அல்லர். பேராசை அவர்களுக்கும் இருந்தது. இல்லையேல் 1517-ஆம் ஆண்டு விதிக்கும் தண்டத்துக்கும் தேவை ஏற்பட்டிராது. அவர்கள் தம் குறையை அறிந்திருந்தனர். அறிந்து, அதற்கு ஏற்ற விதியை எழுதினர். எழுதியதை ஆண்டுதோறும் கூடிப் படித்தனர். மீறியவன் செல்வனாயினும் தண்டம் வாங்கினர். ஐந்து நூற்றாண்டுப் புல்வெளிக்குப் பின்னால் இருந்தது இவ்வளவே.

ஒரு கோயிலோ, நூல் நிலையமோ, பள்ளியோ, சங்கமோ, ஊர் பலரின் உழைப்பால் எழுந்த எதுவாயினும், அதனைப் பற்றிக் கேட்கத் தகுந்த வினாக்கள் டோர்பெல் உழவன் கேட்ட வினாக்களே. இஃது யாருக்கு உரியது? யார் எவ்வளவு பெறுகிறார்? பெற்றவர் எவ்வளவு உழைக்கிறார்? கணக்கை யார் பார்க்கிறார்? புதிதாக வருபவர் எவ்வழியில் உள்ளே வரலாம்? முதல் நான்கு வினாக்களுக்கு அம்மலையூர் நல்ல விடை எழுதிச் சென்றது. ஐந்தாவது வினாவுக்கு அது எழுதிய விடை போதாது. அதனை நிறைவு செய்வது பின்வந்தோர் கடமை.